கஷ்டமான குழந்தைப் பருவம், நம் மதிப்பீடுகள், லட்சியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் செய்வது ஆலோசகர் வேலை. இளைஞர்களுக்கும் பெற்றோர்களுக்கும் கூட்டங்கள் நடத்துகிறேன். கூட்டத்தில் யாரும் இவற்றைக் கேட்பதில்லை. எல்லோரும் கிளம்பிய பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த டவுட் ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே வைத்திருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

1. "எங்க வீட்டுல அடி உதை எல்லாம் கிடையாது. சாப்பாட்டுக்கும் பஞ்சமில்ல. ஆனாலும் என் சின்ன வயசு நல்லா இல்லைன்னு தோணுது. நான் இந்தக் கணக்குல வருவேனா?"

வருவீர்கள். 1985-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் பருமனைக் குறைக்கும் சிகிச்சை மையம் நடத்திக்கொண்டிருந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோவது அவருக்குப் புரியவில்லை. அவர்களை உட்கார வைத்துப் பேசியபோது, பலர் சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளைச் சொன்னார்கள். அதைத் தொடர்ந்து ராபர்ட் ஆண்டா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார். முதல் முடிவுகள் 1998-இல் வந்தன. அந்த ஆய்வின் பட்டியலில் அடியும் பாலியல் கொடுமையும் மட்டும் இல்லை. ஓயாத வசை, மனத்தளவில் கவனிப்பாரற்றுக் கிடப்பது, வீட்டில் குடி அல்லது போதை, பெற்றோரின் பிரிவு, வீட்டில் ஒருவருக்கு மனநோய், ஒருவர் சிறையில் இருப்பது எல்லாம் இருந்தன. மொத்தம் 10 வகை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு அவற்றில் ஒன்றாவது நடந்திருந்தது.

அந்தப் பட்டியலில் வறுமை இல்லை, பள்ளியில் தினமும் கேலிக்கு ஆளாவது இல்லை, போரில் ஊரை விட்டு ஓடியது இல்லை. அதனால் பட்டியலை வைத்து நான் யாரையும் அளப்பதில்லை. நான் கேட்பது வேறு. கதவில் சாவி திரும்பும் சத்தத்தை வைத்தே உள்ளே வருபவரின் மனநிலையைக் கணித்துவிடுவீர்களா? சாவி மெதுவாகத் திரும்பினால் பாடப் புத்தகம், தடுமாறித் திரும்பினால் தம்பி தங்கையோடு உள்ளறை என்று முடிவெடுத்துப் பழகியிருக்கிறீர்களா? வீட்டின் வானிலையைக் கவனிப்பதே முழுநேர வேலையாக இருந்த பிள்ளைக்கு மற்றதைக் கவனிக்க நேரம் இருந்திருக்காது. அது போதும், நீங்கள் இந்தக் கணக்கில் வருவதற்கு.

2. "இணையத்துல ஒரு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். 10-க்கு 7 வந்துச்சு. என் வாழ்க்கை அவ்வளவுதானா?"

இல்லை. மேலே சொன்ன 10 வகைகளை வைத்துத்தான் அந்த டெஸ்ட். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டாவே, தனி மனிதருக்குத் தீர்ப்புச் சொல்ல அந்த எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2020-இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதினார். ஒரு நாட்டில், ஒரு பெரிய கூட்டத்தில் எவ்வளவு பாதிப்பு இருக்கிறது என்று பார்க்க அது உதவும். உங்களுக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது. எத்தனை வருடம் நடந்தது, அப்போது உங்களுக்கு எத்தனை வயது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையெல்லாம் அந்த டெஸ்ட் கேட்பதே இல்லை. இதில் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது 5-ஆம் பதிலில் வரும்.

3. "சின்ன வயசுல நடந்தது என் குணத்தை மாத்தும்னா சரி. எனக்கு எது முக்கியம், எது முக்கியமில்லைங்கறதைக் கூடவா அது முடிவு பண்ணும்?"

பெரியவர்கள் சொல்லும் புத்தியிலிருந்து பிள்ளைகள் கற்றுக்கொள்வது கொஞ்சம்தான். எது நடக்கிறது, எது நடக்காது என்று பார்த்துத் தாங்களாகவே முடிவுகட்டுவது அதிகம். இதை அழகாகக் காட்டிய பரிசோதனை ஒன்று ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவினரும் 3 முதல் 5 வயதுக்குட்பட்ட 28 குழந்தைகளை வைத்து அதைச் செய்தார்கள். குழந்தையின் முன்னால் பழைய கிரேயான்களை வைத்துவிட்டு, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டுவருகிறேன்" என்று சொல்லிப் போவார் ஒருவர். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடியே புதுப் பொருட்கள் வந்தன. மீதிப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு திரும்பி வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார். ஸ்டிக்கரை வைத்து இன்னொரு முறையும் இப்படியே நடந்தது.

அதன் பிறகுதான் உண்மையான சோதனை. மார்ஷ்மெல்லோ என்ற இனிப்பு ஒன்றை முன்னால் வைத்து, 15 நிமிடம் தின்னாமல் இருந்தால் இரண்டாவது கிடைக்கும் என்றார்கள். சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம். முழு நேரமும் பொறுத்தவர்கள் முதல் 14 பேரில் 9 பேர், அடுத்த 14 பேரில் ஒரே ஒருவர்.

இரண்டு சின்ன ஏமாற்றங்களுக்கே இப்படி. பத்துப் பதினைந்து வருடம் வாக்குகள் காற்றில் போன வீட்டில் வளர்ந்தவர், "கைக்கு வந்ததை இப்போதே எடுத்துக்கொள்" என்று முடிவெடுத்தால் அதைப் பொறுமையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வீட்டுக்கு அது சரியான கணக்கு. வீடு மாறிய பிறகும் கணக்கு மாறாமல் இருப்பதுதான் பிரச்சினை. நேர்மை, சிக்கனம், சுதந்திரம், விசுவாசம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பலவற்றுக்கும் அடியில் இப்படி ஒரு பழைய கணக்கு கிடக்கும்.

4. "நானும் தம்பியும் ஒரே வீடு, ஒரே கஷ்டம். நான் ஒவ்வொரு காசையும் எண்ணி வைக்கிறேன். அவன் கையில காசு நிக்கவே மாட்டேங்குது. எப்படி?"

வீடு ஒன்றாக இருக்கலாம், இருவருக்கும் கிடைத்த குழந்தைப் பருவம் ஒன்றல்ல. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வருமானத்தில் பெரும்பகுதியை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளை க்ளென் எல்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 1920-21-இல் பிறந்தவர்கள் ஒரு குழு, பெர்க்லியில் 1928-29-இல் பிறந்தவர்கள் இன்னொரு குழு. ஓக்லாந்து பிள்ளைகளுக்கு நெருக்கடியின்போது வேலைக்குப் போகும் வயது. பையன்கள் வெளியே சம்பாதித்தார்கள், பெண்கள் வீட்டைத் தாங்கினார்கள். தன்னால் குடும்பத்துக்கு உதவ முடிகிறது என்ற நினைப்பு அவர்களுக்குக் கிடைத்தது. என்ன வேலைக்குப் போவது என்ற தெளிவும் அந்தப் பையன்களுக்கு முன்கூட்டியே வந்தது. பெர்க்லியில் பிறந்தவர்கள் அப்போது சின்னஞ்சிறு பிள்ளைகள். செய்வதற்கு ஒன்றுமில்லாமல், பெற்றோரின் பதற்றத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பையன்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

வயது மட்டுமில்லை. யார் மூத்தவர், யார் முகம் யாரை நினைவூட்டியது, யாருக்கு வெளியே ஒரு நண்பன் வீடு இருந்தது என்று எத்தனையோ இருக்கின்றன. காசு தீர்ந்துபோனதை நீங்கள் பார்த்தீர்கள், சேர்த்து வைத்ததை யாரோ எடுத்துக்கொண்டதை அவர் பார்த்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள், அவர் சொல்லும் கதையில் வேறு வீடு வரும்.

5. "கஷ்டம்தான் மனுஷனைச் செதுக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே. உண்மைதானே?"

இந்தப் பக்கத்தில் நான் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அது இங்கேதான். கஷ்டம் யாரையும் செதுக்குவதில்லை. கஷ்டத்தின் நடுவே கிடைத்த ஏதோ ஒன்று செதுக்குகிறது. பெரும்பாலும் அது ஒரு ஆள்.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் அவர்களுடைய 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிரசவச் சிக்கல், குடி, ஓயாத சண்டை என்று பல சுமைகள் ஒன்றாக அழுத்திய பிள்ளைகள் 201 பேர். அவர்களில் 72 பேர் தன்னம்பிக்கையும் பிறர்மேல் அக்கறையும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அந்த 72 பேர் பட்ட கஷ்டம் குறைவென்று சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் மற்றொன்று இருந்தது. தாத்தா பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, தன்னை நம்பி நிலையாக நின்ற ஒருவராவது கிடைத்திருந்தார். எல்லோரிடமும் எளிதில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம், வீட்டில் பொறுப்பான ஒரு வேலை, தனக்கென்று ஒரு திறமை ஆகியவையும் துணைநின்றன.

கஷ்டம் மட்டும்தான் ஆசான் என்றால் ருமேனியாவின் அனாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள்தான் உலகிலேயே உறுதியானவர்களாக இருந்திருக்க வேண்டும். புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள்தான் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் நன்றாகவே தேறினார்கள். இல்லத்தின் வெறுமை யாரையும் பலப்படுத்தவில்லை.

6. "ஆனா பெரிய ஆளுங்க வாழ்க்கையைப் பார்த்தா எல்லாருமே அடிமட்டத்துல இருந்துதானே வந்திருக்காங்க?"

வந்து சேர்ந்தவர்களைத்தான் நமக்குத் தெரியும். சார்லஸ் டிக்கன்ஸை எடுத்துக்கொள்வோம். 1824-இல் அவருக்கு 12 வயது. கடனைக் கட்ட முடியாமல் அப்பா சிறைக்குப் போன அந்த நாட்களில், பையன் லண்டனில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் வாரம் 6 ஷில்லிங் கூலிக்கு டப்பாக்களில் லேபிள் ஒட்டினான். அந்த அவமானத்தை வாழ்நாள் முழுக்க மறைத்து வைத்தார். நெருங்கிய நண்பர் ஒருவரிடம் சொன்னது அவர் இறந்த பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. ஏழைப் பிள்ளைகள்மேல் அவருக்கிருந்த கரிசனமும், நிராதரவான பெண்களுக்காக 1847-இல் ஒரு இல்லம் தொடங்க உதவியதும் அங்கிருந்து வந்தவை என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாம். ஓயவே தெரியாமல் உழைத்து 58 வயதில் போய்ச் சேர்ந்ததையும் அதே கணக்கில் எழுத வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. லேபிள் ஒட்டப் போவதற்கு முன்பே அப்பாவின் புத்தகங்களை அந்தப் பையன் வாசித்துத் தீர்த்திருந்தான். அதன் பிறகு பள்ளிக்கும் திரும்பப் போனான். அதே மேசையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிய மற்றப் பையன்களின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதவில்லை. அவர்கள் பட்டதும் அதே கஷ்டம்தான்.

7. "சம்பாதிக்கணும், நிறைய சம்பாதிக்கணும். அதைத் தவிர வேற லட்சியம் வரமாட்டேங்குது. இது தப்பா?"

தப்பில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1995-இல் டிம் காசர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 18 வயது இளைஞர்களை ஆராய்ந்தபோது, தாயிடமிருந்து அரவணைப்புக் குறைவாகக் கிடைத்தவர்களும் வசதி குறைந்த சூழலில் வளர்ந்தவர்களும் மற்ற லட்சியங்களைவிடப் பணத்தில் ஜெயிப்பதை அதிகம் முன்னால் வைத்தது தெரிந்தது. பாதுகாப்பு எங்கே கிடைக்கவில்லையோ அதைப் பணத்தில் தேடுகிறோம். வறுமையில் வளர்ந்தவருக்கு அந்தத் தேடல் முழுக்க நியாயமானதும்கூட. காசில்லாததன் வலி உண்மையாகவே காசால் தீரும்.

என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்த லட்சியத்தில் ஒரு வாரம் பின்தங்கினால் உங்களுக்கு என்ன ஆகிறது? வருத்தமா, திகிலா? விரும்பி ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டிலிருந்து வழுவினால் மனம் உறுத்தும், அடுத்த நாள் சரிசெய்துகொள்வோம். பயத்தில் பிறந்த விதியை மீறினால் தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும், ஏதோ இடிந்து விழப்போவது போல இருக்கும். இரண்டாவது வகையாக இருந்தால் எவ்வளவு சேர்த்தாலும் "போதும்" என்ற இடம் வராது. எவ்வளவு வந்தால் போதும் என்று ஒரு தொகையை எழுதச் சொல்வேன். எழுதிவிட்டு உடனே அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு மடங்கு எழுதியவர்கள் உண்டு.

8. "நினைச்சதை எல்லாம் சாதிச்சுட்டேன். ஆனா ஒரு நாள் சும்மா உட்கார்ந்தாலும் குற்ற உணர்ச்சியா இருக்கு. உடம்பும் ஒத்துழைக்கல. ஏன்?"

உழைப்பால் தப்பித்தவருக்கு உழைப்பை நிறுத்துவது ஆபத்தாகத் தெரியும். உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கிராமப்புறங்களில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களை ஜீன் ப்ரோடியும் குழுவினரும் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையில் வளர்ந்தும், ஆசிரியர்கள் மெச்சும்படி கட்டுப்பாடாகவும் திறமையாகவும் இருந்த பிள்ளைகள் 19 வயதில் வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருந்தார்கள். மனச்சோர்வும் குறைவு, வம்புதும்பும் குறைவு. ஆனால் இரத்த அழுத்தம், மன அழுத்தத்துக்கான ஹார்மோன்கள் போன்றவற்றை அளந்தபோது உடம்புக்குள் தேய்மானம் அதிகமாக இருந்தது. 2013-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நல்ல பிள்ளையாக இருந்ததற்கு இதுவா கூலி?

அவர்களுக்கும் முன்பே, 1983-இல், ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளர் இதே போக்கைப் பெரியவர்களிடம் பார்த்து அதற்கு ஜான் ஹென்றியின் பெயரை வைத்தார். இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜெயித்துவிட்டு, ஜெயித்த இடத்திலேயே விழுந்து இறந்த தொழிலாளி என்று அமெரிக்க நாட்டார் கதைகள் சொல்லும் ஆள் அவர். ஆகவே முதலில் ஒரு முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இரத்த அழுத்தத்தையும் சேர்த்து. ஓய்வு பற்றிய தத்துவத்தைப் பிறகு பேசலாம்.

9. "எல்லாரும் வெறி, லட்சியம்னு பேசறாங்க. எனக்கு எதுவுமே ஆசையா வரல. கஷ்டப்பட்டவனுக்கு வெறி இருக்கும்ங்கறாங்க, எனக்கு ஏன் இல்ல?"

ஆசைப்பட்டு ஏமாந்த பிள்ளை, வலிக்காமல் இருக்க ஆசைப்படுவதையே நிறுத்திவிடும். 3-ஆம் பதிலில் ஏமாந்த குழந்தைகள் இனிப்பை உடனே தின்றார்கள். நீங்கள் இனிப்பே வேண்டாம் என்று இருந்துவிட்டீர்கள். இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனச்சோர்வு நோயும் பார்க்க இப்படித்தான் இருக்கும் என்பதால், பல வாரங்களாக எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றன என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

அது இல்லையென்றால் பெரிய லட்சியத்தைத் தேட வேண்டாம். இந்த வாரத்துக்குள் முடியக்கூடிய, ஏமாற்றினாலும் தாங்கக்கூடிய ஒரு சின்ன விருப்பத்திலிருந்து தொடங்குங்கள்.

10. "நான் மூத்தவ. எட்டு வயசுலேயே தங்கச்சியைக் குளிப்பாட்டி, அம்மாவைத் தேத்தி, எல்லாம் பார்த்துக்கிட்டேன். இப்பவும் ஆபீஸ்ல இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் எல்லாரும் என்கிட்டதான் வர்றாங்க. உதவுறது என் குணமா, பழகிப்போன வேலையா?"

இரண்டுமாக இருக்கலாம், பிரித்தெடுக்கத்தான் வேண்டும். பிள்ளை பொறுப்பெடுப்பது எல்லாமே கெடுதல் இல்லை. ஓக்லாந்து பிள்ளைகளை 4-இல் பார்த்தோம். வித்தியாசம் இரண்டு இடத்தில் வருகிறது. வேலை வயதுக்குத் தகுந்ததா? அதை யாராவது பார்த்து "நன்றாகச் செய்தாய்" என்றார்களா? பாத்திரம் கழுவுவதும் தங்கையைக் குளிப்பாட்டுவதும் கை வேலை. அம்மாவின் அழுகையைத் தேற்றுவது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே தூது போவது மன வேலை. எட்டு வயதுக்குத் தாங்காதது இரண்டாவதுதான்.

7-இல் சொன்ன சோதனையை இங்கே போடுங்கள். யாராவது உதவி கேட்கும்போது ஒருமுறை "இந்த வாரம் முடியாது" என்று சொல்லிப் பாருங்கள். மனம் உறுத்தினால் அது உங்கள் குணம். "இனி என்னை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று வயிறு கலங்கினால் அந்த எட்டு வயதுக்காரிதான் இன்னும் வேலை பார்க்கிறாள். பெரும்பாலும் முதல் மறுப்பில் வயிறு கலங்கும், ஐந்தாறு முறைக்குப் பிறகு அடங்கும். அப்போதும் உதவ ஆசை இருந்தால் தாராளமாக உதவுங்கள்.

11. "எங்க அப்பா மாதிரி மட்டும் ஆகவே கூடாது. என் வாழ்க்கையோட ஒரே லட்சியம் அதுதான். இது போதாதா?"

தொடங்குவதற்குப் போதும். குடிக்கமாட்டேன், கை நீட்டமாட்டேன், சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன் என்பதெல்லாம் நல்ல தீர்மானங்கள். ஆனால் அவர் போன திசைக்கு நேர் எதிர்த்திசையில் போகிறவருக்கும் திசை காட்டுவது அவர்தான். அவர் பொறுப்பில்லாதவர் என்பதால் நீங்கள் ஒரு விடுமுறைகூட எடுக்காமல் இருக்கிறீர்கள். அவர் கத்துவார் என்பதால் நீங்கள் சொல்ல வேண்டிய கோபத்தையும் விழுங்குகிறீர்கள். அவரிடம் பாட்டு, நகைச்சுவை, ஊர் சுற்றும் ஆசை என்று ஏதாவது நல்லதும் இருந்திருக்கும், அதையும் சேர்த்துத் தூக்கிப்போட்டிருப்பீர்கள். அவரை மறந்துவிட்டு, "எனக்கு யாரைப் போல ஆக ஆசை?" என்று ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

12. "அடி வாங்கி வளர்ந்தவங்க தன் பிள்ளைங்களையும் அடிப்பாங்கன்னு படிச்சேன். பயமா இருக்கு. பிள்ளையே வேண்டாம்னு தோணுது."

அந்தப் பேச்சு ஓரளவுதான் உண்மை. 1987-இல் ஜோன் காஃப்மன், எட்வர்ட் ஜிக்லர் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் அதைத் தங்கள் பிள்ளைகளிடம் காட்டுகிறார்கள் என்று மதிப்பிட்டார்கள். மற்றவர்களைவிட அது அதிகம், மறுக்கவில்லை. ஆனால் பத்தில் ஏழு பேர் அந்த வழியில் போகவில்லை. தொடரை அறுத்த தாய்மார்களை அடுத்த வருடம் பைரன் எகலாண்டும் குழுவினரும் ஆராய்ந்தபோது மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன: சிறுவயதில் ஆதரவாக ஒரு பெரியவர், வாழ்க்கையில் எப்போதாவது எடுத்துக்கொண்ட மனச் சிகிச்சை, இப்போது நிலையான ஒரு துணை.

இன்னொரு நல்ல செய்தி மேரி மெய்ன் என்ற ஆய்வாளரிடமிருந்து வருகிறது. பெற்றோரின் சிறுவயதில் என்ன நடந்தது என்பதைவிட, அதை அவர்கள் இப்போது எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய பிள்ளையின் பாதுகாப்புணர்வோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. நடந்ததை மூடாமல், அதிலேயே மூழ்காமல், முன்னுக்குப்பின் முரணில்லாமல் சொல்ல முடிந்தவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பெற்றோரிடம் நிம்மதியாக இருந்தார்கள். பிள்ளை பெறுவதும் பெறாததும் உங்கள் விருப்பம். முடிவெடுப்பது இந்தப் பயமாக மட்டும் இருக்க வேண்டாம்.

13. "என் பிள்ளைக்கு எல்லாம் ஈஸியா கிடைக்குது. கொஞ்சம் கஷ்டம் தெரிஞ்சாத்தானே மதிப்பு தெரியும்? நான் பட்டதுல கால்வாசியாவது படட்டுமே?"

உங்களைக் காப்பாற்றியது கஷ்டமா, கஷ்டத்தில் உடன் நின்றவரா? 5-ஆம் பதிலை இன்னொரு முறை படியுங்கள். சிறுசிறு சவால்கள் பிள்ளைகளை உறுதிப்படுத்தும் என்பது சரிதான். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர் இதைப் பல வருடம் எழுதிவந்தார். ஆனால் அந்தச் சவால் பிள்ளையால் சமாளிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பெற்றவரே வேண்டுமென்று உண்டாக்கும் பற்றாக்குறையில் பிள்ளை சிக்கனத்தைக் கற்பதில்லை. இருந்தும் தரமாட்டார்கள் என்பதைக் கற்கிறது.

வீட்டில் உண்மையான ஒரு பொறுப்பைக் கொடுங்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள், "உனக்கெங்கே தெரியப்போகிறது" என்ற வாலை வெட்டிவிட்டு.

14. "நான் தனியா போராடி மேல வந்தேன். அதே நிலைமையில இருக்கிறவங்க புலம்பும்போது எரிச்சலா வருது. பட்டவனுக்குத்தானே இரக்கம் அதிகம் இருக்கணும்? எனக்கு என்ன ஆச்சு?"

நேர்மையாகக் கேட்டிருக்கிறீர்கள், பலர் கேட்பதில்லை. 2015-இல் ரேச்சல் ரட்டனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தாண்டி வந்தவர்கள், அதே நிலையில் தோற்று வழிதவறிய ஒருவர்மேல் மற்றவர்களைவிடக் குறைவாகவே இரக்கப்பட்டார்கள். பள்ளியில் கேலிக் கொடுமையைக் கடந்தவர்களிடமும் இதே கதைதான். கேலியைச் சமாளித்து நிற்கும் பிள்ளைமேல் அவர்களுக்கு அனுதாபம் நிறைய இருந்தது. தாங்க முடியாமல் வெடித்த பிள்ளைமேல் குறைவாக இருந்தது. கடந்துபோன வலியின் கூர்மை மறந்துபோகிறது, கடந்தது மட்டும் நினைவில் நிற்கிறது. "என்னால் முடிந்ததே" என்ற அளவுகோல் அங்கேதான் உருவாகிறது.

பட்டவர்கள் கருணையுள்ளவர்களாக ஆவதும் நடக்கிறது. சிறுவயதில் ஹங்கேரியில் யூதப் படுகொலையிலிருந்து தப்பிய எர்வின் ஸ்டாப், பின்னாளில் உளவியலாளராகி இதையே ஆராய்ந்தார். துன்பத்தின் நடுவே யாராவது கைகொடுத்தது, பிறகு மனக்காயம் ஆறியது, தானும் பிறருக்கு உதவ வாய்ப்புக் கிடைத்தது போன்றவை இருந்தால் துன்பம் பிறர்மேல் அக்கறையாக மாறக்கூடும் என்கிறார். உங்களுக்கு எரிச்சல் வரும்போது ஒன்று செய்யுங்கள். "தனியாகப் போராடி" என்று சொன்னீர்களே, அந்தக் காலத்தில் ஃபீஸ் கட்டியவர், தங்க இடம் தந்தவர், ஒரு விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தவர் என்று யாரும் இல்லையா? எரிச்சலூட்டும் அந்த ஆளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

15. "மன்னிச்சாத்தான் முன்னேற முடியும்கறாங்க. என்னால முடியல."

மன்னிக்காமலும் முன்னேறலாம். மன்னிப்பு சிலருக்குப் பாரத்தை இறக்குகிறது, சிலருக்கு இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. எதிராளி இன்னும் அதே கொடுமையைச் செய்துகொண்டிருந்தால் மன்னிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், விலகி இருங்கள்.

16. "அந்தக் கஷ்டம் இல்லைன்னா நான் இன்னைக்கு இப்படி இருக்கமாட்டேன். அப்போ அதுக்கு நன்றி சொல்லணுமா?"

இதுதான் எனக்கு வரும் கேள்விகளில் கடினமானது. கஷ்டத்துக்குப் பிறகு வரும் வளர்ச்சியை 1990-களிலிருந்து ஆராய்ந்துவரும் ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் இருவரும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்கள்: வளர்ச்சி நடந்த சம்பவத்திலிருந்து வருவதில்லை, அதோடு மனிதர் நடத்தும் போராட்டத்திலிருந்து வருகிறது. வளர்ந்துவிட்டதால் வலி போய்விடுவதும் இல்லை. இரண்டும் ஒரே ஆளிடம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆகவே நன்றியைச் சம்பவத்துக்குக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். அதைச் செய்தவருக்குக் கொடுக்கச் சொல்லவே மாட்டேன்.

அந்தக் கஷ்டம் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வேறொருவராக இருந்திருப்பீர்கள் என்பது உண்மை. அந்த வேறொருவர் உங்களைவிட மோசமாக இருந்திருப்பார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பெருமைப்படவும் துக்கப்படவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒன்றைச் செய்தால் மற்றது பொய்யாகிவிடாது.

17. "எனக்கு 45 ஆகுது. இனிமேலா இதையெல்லாம் மாத்த முடியும்?"

கவாய் ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி இது. 201 பேரில் 72 பேர் நன்றாக வளர்ந்தார்கள் என்று சொன்னேன். மீதிப் பேரில் பலர் 18 வயதில் படிப்பு, காவல்துறை, மனநலம் என்று ஏதாவது ஒன்றில் சிக்கியிருந்தார்கள். 32 வயதிலும் 40 வயதிலும் போய்ப் பார்த்தபோது அவர்களிலும் பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். நின்றுபோன படிப்பைத் தொடர்ந்தது, ராணுவத்தில் சேர்ந்து ஒரு தொழிலைக் கற்றது, நல்ல துணை அமைந்தது, ஒரு மதச் சமூகத்தோடு இணைந்தது என்று இரண்டாம் வாய்ப்புகள் பல வழியில் வந்தன.

நடைமுறையில் நான் சொல்வது: உங்கள் விதிகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "யாரிடமும் கேட்கக்கூடாது" என்று வைத்துக்கொள்வோம். அதை எந்த வயதில், யாருக்காக உருவாக்கினீர்கள் என்று எழுதுங்கள். அப்போது அது உங்களை எதிலிருந்து காப்பாற்றியது என்பதையும் எழுதுங்கள். பிறகு அந்த விதியைச் சின்னதாக மீறிப் பாருங்கள், ஒரு சக ஊழியரிடம் அரைமணி நேர வேலையைக் கேளுங்கள். நடக்கும் என்று பயந்தது நடந்ததா என்று பாருங்கள். விதி இன்னும் பயன்படுகிறது என்று தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இந்த முறை தெரிந்தே வைத்துக்கொள்கிறீர்கள்.

18. "இதை நானே பண்ணிக்கலாமா, யாரையாவது பார்க்கணுமா?"

பழைய நினைவுகள் கேட்காமலே வந்து அன்றைய நாளைக் கெடுத்தால், தூங்க முடியாமல் குடியையோ மாத்திரையையோ நாடினால், கோபத்தில் வீட்டில் உள்ளவர்கள்மேல் கை நீட்டினால், தானே எழுதிப் பார்க்கும் வேலையை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஆலோசகரையோ பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்க வேண்டாம்.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. சிறுவயதுக் கொடுமைகளுக்கு ஆளானவர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா, எந்த முறையில் செய்வீர்கள், நான் சொல்வதை யாரிடம் பகிர்வீர்கள் என்று நீங்களே கேட்கலாம். கேட்டதற்காக முகம் சுளிக்கிறவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.